விண்டோஸ் சர்வர் பேக்கப் போதுமா? சோதித்துப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் சர்வரைப் பார்க்கச் சென்றிருந்தேன். விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் கருவியை அமைத்து, நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஒரு ஃபோல்டருக்குத் தினமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா நாளும் பச்சைக் குறி. கணக்குப் பிரிவில் ஒருவர், இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு கோப்பைக் கேட்டார். திறந்து பார்த்தால் நேற்று இரவு எடுத்த ஒரே ஒரு நகல்தான் இருந்தது. கருவி பழுதாகவில்லை. பகிரப்பட்ட ஃபோல்டருக்கு எழுதும்போது முந்தைய நகலின் மேலேயே எழுதுவதுதான் அதன் வடிவமைப்பு. அமைக்கும்போது ஒரு முறை அதைச் சொல்லிவிட்டு, பிறகு வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கருவியை ஒரே கேள்வியை வைத்து எடை போடுகிறேன்: இது எங்கெங்கே மௌனமாக இருக்கிறது? அதன் வசதிகளை விளக்கும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே நான் விளக்கப்போவது அதைச் சோதிக்கும் முறையை.

தொடங்கும் முன்: இது எப்படிப்பட்ட கருவி

விண்டோஸ் சர்வர் 2008-இல் இது அறிமுகமானது. அதற்கு முன்பிருந்த என்டி பேக்கப் கோப்பு கோப்பாக நகலெடுக்கும், டேப்பிலும் எழுதும். புதிய கருவி டேப்பைக் கைவிட்டது. வால்யூமை (டிஸ்க்கில் சி, டி என்று தனி டிரைவாகத் தெரியும் பகுதி) பிளாக் எனும் சிறு துண்டுகளாகப் படித்து, விர்ச்சுவல் டிஸ்க் கோப்பாகச் சேமிக்கத் தொடங்கியது. 2008 பதிப்பில் முழு வால்யூமாகத்தான் எடுக்க முடிந்தது. தனி ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2008 ஆர்2-இல் வந்தது. 2012-இல் சேமிப்பு வடிவம் விஎச்டி-யிலிருந்து விஎச்டிஎக்ஸ்-க்கு மாறியதால், வால்யூம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 டிபி என்றிருந்த வரம்பு அகன்றது. இணையத்தில் கிடைக்கும் குறைகூறல்களில் பாதி இந்தப் பழைய பதிப்புகளைப் பற்றியவை. படிக்கும்போது எந்த ஆண்டின் புலம்பல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இயங்கும் சர்வரில் திறந்திருக்கும் கோப்புகளை நகலெடுக்க, இது வால்யூம் ஷேடோ காப்பி சேவையை (சுருக்கமாக விஎஸ்எஸ்) நம்பியிருக்கிறது. ஒரு கணத்தில் வால்யூம் இருந்த நிலையை அப்படியே உறைய வைத்துத் தருவது அதன் வேலை; அந்த உறைந்த நிலைதான் ஷேடோ காப்பி. அந்தச் சேவை நலமாக இருந்தால் இதுவும் நலம். இதைப் பற்றி வரும் புகார்களில் பலவற்றின் வேர் அந்தச் சேவையில்தான் இருக்கும்.

படி 1: மீட்பிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். "எதை நகலெடுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "எது போனால், எந்த நாளின் நிலைக்கு, எவ்வளவு நேரத்தில் திரும்ப வேண்டும்" என்று எழுதுங்கள். ஒருவர் தவறுதலாக அழித்த ஃபோல்டர், கெட்டுப்போன தரவுத்தளம், எரிந்துபோன மதர்போர்டு, ரகசியப் பூட்டு போட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எத்தனை மணி நேரத் தரவை இழக்கலாம் என்பது ஓர் எண். எத்தனை மணி நேரம் வேலை நின்று போகலாம் என்பது இன்னோர் எண். இரண்டையும் நீங்களே முடிவு செய்யாமல், அந்த இழப்பைச் சுமக்கப்போகிறவரிடம் கேளுங்கள். "ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது" என்றுதான் முதலில் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் எண் இறங்கி வரும்.

இந்தத் தாள்தான் பின்னால் தீர்ப்பெழுதப் பயன்படும்.

படி 2: உடைத்தால் யாரும் அழாத ஒரு சர்வர்

உண்மையான சர்வரின் அதே பதிப்பில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அதில் சிஸ்டம் டிஸ்க் ஒன்று, தரவு டிஸ்க் ஒன்று, பேக்கப்புக்கென இன்னொன்று வேண்டும். உண்மையான சர்வர் யூஇஎஃப்ஐ முறையில் துவங்குகிறதா, பழைய பயாஸ் முறையிலா என்று பார்த்து, சோதனை இயந்திரத்தையும் அப்படியே அமையுங்கள். மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வி பயன்படுத்தினால் இரண்டாம் தலைமுறை இயந்திரம் யூஇஎஃப்ஐ, முதல் தலைமுறை பயாஸ். ஒரு முறையில் எடுத்த முழு நகலை மற்றொன்றில் மீட்க முடியாது. இது ஆறாம் படியில் வந்து இடிக்கும். மீட்புச் சோதனைக்காக வெற்று டிஸ்க்குடன் இன்னோர் இயந்திரத்தையும் தயாராக வையுங்கள். அதன் நெட்வொர்க் எதனோடும் இணைந்திருக்கக் கூடாது. நெட்வொர்க்கின் பயனர் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலரின் இரட்டைப் பிறவி உண்மையான நெட்வொர்க்கில் எழுந்தால் வரும் வினை சோதனையோடு முடியாது.

படி 3: நிறுவுதல்

கருவி சர்வரோடு வருகிறதே தவிர, தானாக நிறுவப்பட்டிருக்காது. சர்வர் மேனேஜரில் பாத்திரங்களையும் அம்சங்களையும் சேர்க்கும் பகுதிக்குப் போய், அம்சங்களின் பட்டியலில் விண்டோஸ் சர்வர் பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிட வேலை. கூடவே டபிள்யூபிஅட்மின் என்ற கட்டளைக் கருவியும் பவர்ஷெல் கட்டளைகளும் பயன்பாட்டுக்கு வரும். சாளரத்தில் செய்ய முடியாத பலவற்றைக் கட்டளையில் செய்யலாம் என்பதால், இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் நகலுக்கு முன் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்ற கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு ரைட்டரும் (ஷேடோ காப்பி எடுக்கும்போது ஒரு மென்பொருளின் தரவை ஒழுங்கான நிலையில் வைக்கும் துணைப் பகுதி) நிலையாக, பிழையின்றி இருப்பதாகக் காட்ட வேண்டும். இதே கட்டளையை உண்மையான சர்வரிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒன்று தோல்வி நிலையில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மதிப்பீடு அதற்குப் பிறகுதான்.

படி 4: நகல் எங்கே போகிறது?

இங்கே அவசரப்படாதீர்கள். நகல் எடுக்கும் நேர அட்டவணையை அமைக்கும்போது, நகலை வைக்கும் இடத்துக்குக் கருவி மூன்று வழிகளைக் காட்டும். மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று இடங்கள் போலத் தோன்றும். உண்மையில் அவை மூன்று வேறு கருவிகள் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, பேக்கப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட டிஸ்க். கருவி அதை ஃபார்மேட் செய்து, டிரைவ் எழுத்தை நீக்கி, எக்ஸ்ப்ளோரர் கண்ணிலிருந்து மறைத்துவிடும். பழைய பதிப்புகளை அந்த டிஸ்க்கிலேயே ஷேடோ காப்பிகளாக வைத்துக்கொள்ளும். விர்ச்சுவல் டிஸ்க் கோப்பு எப்போதும் கடைசி நிலையைக் காட்டும். முந்தைய நாட்களின் நிலைகள் அந்த ஷேடோக்களில் இருக்கும். மாறிய பிளாக்குகள் மட்டுமே புதிதாக எழுதப்படுவதால் இடம் சிக்கனம். ஆனாலும் ஒவ்வொரு பதிப்பையும் முழு நகல் போலவே மீட்கலாம். முழு நகல், அதன் மேல் மாற்றங்களை மட்டும் கொண்ட ஏழு இடைநகல் என்று சங்கிலி கோக்கும் தொல்லை இல்லை. ஷேடோ காப்பி சேவையின் வரம்பினால், ஒரு டிஸ்க்கில் அதிகபட்சம் 512 பதிப்புகள். இடம் நிறைந்தால் பழையவை தாமாகவே அழியும். இங்கேதான் முதல் மௌனம்: எது, எப்போது அழிந்தது என்று யாருக்கும் தகவல் போகாது. "30 நாள் வைத்திரு, மாதக் கடைசி நகலை ஓராண்டு வைத்திரு" என்று கட்டளையிடவும் வழியில்லை. டிஸ்க் கொள்ளும் மட்டும் கொள்ளும், அவ்வளவுதான்.

இந்த வழியில் ஒரு நல்ல அம்சம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒரே அட்டவணையில் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைச் சேர்க்கலாம். ஒன்றைக் கழற்றி வேறு கட்டடத்துக்குக் கொண்டு போய், மற்றொன்றை மாட்டினால், கருவி அதை அடையாளம் கண்டு தொடரும். டிஸ்க்கின் மேல் ஒட்டுவதற்குப் பெயரையும் அதுவே தரும். உண்மையிலேயே காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, வேறு தரவும் உள்ள ஒரு வால்யூம். பேக்கப் நடக்கும் நேரத்தில் அந்த வால்யூமின் வேகம் கடுமையாகக் குறையும் என்று கருவியே எச்சரிக்கிறது. வேறு வழியே இல்லாதவர்களுக்கான வழி என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது, நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டர். ஒரே நகல், ஒவ்வொரு முறையும் மேலெழுதப்படும். இன்னும் மோசமான ஒன்று உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் தோற்றால், பழைய நகல் கலைந்திருக்கும், புதியது முடிந்திருக்காது; கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். சோதனைச் சர்வரில் இதைச் செய்தே பாருங்கள்: இரண்டாவது நகல் பாதி ஓடும்போது நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு, முதல் நகலிலிருந்து எதையாவது மீட்க முயலுங்கள். தப்பிக்க ஒரு வழி உண்டு. கருவியின் அட்டவணையை விட்டுவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் 'டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் பேக்கப்' கட்டளையை ஏழு கிழமைக்கும் ஏழு துணை ஃபோல்டர்களை இலக்காகக் கொண்டு அமைப்பது. பதிப்புகள் கிடைக்கும்; இடமோ ஏழு முழு நகல்களுக்கு வேண்டும்.

எந்த வழியானாலும், நகலைக் கருவி மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்வதில்லை. பகிர்ந்த ஃபோல்டரைப் படிக்கும் உரிமை உள்ள எவரும் உங்கள் சர்வரையே படிக்கலாம். மறையாக்கம் உங்களுக்குக் கட்டாயம் என்றால், அதைச் செய்ய வேறு ஏற்பாடு வேண்டும் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஓட்டி அளந்து பாருங்கள்

எதை நகலெடுப்பது என்று கேட்கும்போது, முதல் சோதனைக்கு முழு சர்வரையே தேர்ந்தெடுங்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் பேர் மெட்டல் ரெகவரி (வெற்று இயந்திரத்தில் முழு சர்வரையும் மீட்பது) என்பதைக் குறியிட மறக்காதீர்கள். துவக்கத்துக்குத் தேவையான பார்ட்டிஷன்கள், சிஸ்டம் ஸ்டேட் (ரெஜிஸ்ட்ரி போன்ற விண்டோஸின் மைய அமைப்புத் தரவு) எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

அடுத்து, நுணுக்க அமைப்புகளில் விஎஸ்எஸ் ஃபுல், விஎஸ்எஸ் காப்பி என்று இரண்டு இருக்கும். இதே சர்வரில் வேறொரு பேக்கப் மென்பொருளும் ஓடுகிறதென்றால் காப்பியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் எது ஏற்கெனவே நகலானது என்ற அந்த மென்பொருளின் கணக்கை இது குழப்பிவிடும். மதிப்பீட்டுக் காலத்தில் பழைய கருவியும் புதிய கருவியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது இயல்பு என்பதால், இந்தத் தவறு சோதனை நடத்துகிறவர்களிடமே அதிகம் நடக்கிறது.

முதல் நகல் எவ்வளவு நேரம் எடுத்தது, எவ்வளவு இடம் பிடித்தது என்று குறியுங்கள். பிறகு தரவு டிஸ்க்கில் சில ஜிபி அளவுக்குக் கோப்புகளை மாற்றிவிட்டு இரண்டாவது நகலை எடுங்கள். பிடித்த இடம் குறைந்திருக்கும். நேரம் எதிர்பார்த்த அளவு குறைந்திருக்காது. இயல்பான அமைப்பில் கருவி மூல வால்யூம் முழுவதையும் படித்து, மாறியதை மட்டும் எழுதுகிறது. செயல்திறன் அமைப்பை வேகமான முறைக்கு மாற்றினால் மாற்றங்களைத் தொடர்ந்து குறித்துவைத்து, அவற்றை மட்டும் படிக்கும். விலையாக, மூல வால்யூமில் ஒரு ஷேடோ காப்பி எப்போதும் தங்கி, எழுதும் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். கோப்புச் சர்வருக்கு இது நல்ல பேரம். ஓயாமல் எழுதும் தரவுத்தளத்துக்கு அளந்து பார்க்காமல் செய்யாதீர்கள்.

அட்டவணையில் நாளுக்கு ஒரு முறை, அல்லது ஒரே நாளில் பல முறை என்று மட்டுமே அமைக்கலாம். வாரம் ஒரு முறை என்பது சாளரத்தில் இல்லை. ஒரு சர்வருக்கு ஒரே அட்டவணைதான். சிஸ்டம் ஸ்டேட் இரவில் ஒரு முறை, கணக்கு ஃபோல்டர் இரண்டு மணிக்கு ஒரு முறை என்று பிரிக்க வேண்டுமென்றால் மறுபடியும் டாஸ்க் ஷெட்யூலர்தான்.

படி 6: மீட்டுப் பாருங்கள்

நான்கு சோதனைகள். குறைந்தது இரண்டு வாரம் நகல்கள் சேர்ந்த பிறகு செய்தால்தான் பொருள் உண்டு.

ஒற்றைக் கோப்பு: யாரிடமாவது சொல்லி, எங்கோ ஒரு கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த ஃபோல்டர் என்று அவர் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லட்டும். நிஜத்திலும் அப்படித்தான் கேட்பார்கள். மீட்புச் சாளரத்தில் பெயரைக் கொண்டு தேடும் வசதி இல்லை. நாளைத் தேர்ந்தெடுத்து, ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். தினமும் நான்கு பேர் கோப்பைத் தொலைக்கும் இடம் என்றால் இந்த ஓர் எண்ணே தீர்ப்புக்குப் போதும். மீட்டதும் அனுமதிகள் முன்பிருந்தபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விஎச்டிஎக்ஸ் கோப்பை நேரடியாக இணைத்து உள்ளே தேடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், படிக்க மட்டும் என்ற முறையில் இணைத்தால். எழுதும் முறையில் இணைத்தால் நகலையே கெடுத்துக்கொள்வீர்கள்.

தரவுத்தளம்: மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் கோப்புகள் ஷேடோ காப்பி வழியாக ஒழுங்கான நிலையில் நகலாகும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் அதன் பரிவர்த்தனைப் பதிவுகளை இந்தக் கருவி வெட்டிச் சிறிதாக்காது, "இன்று மதியம் 2.40-க்கு இருந்த நிலை வேண்டும்" என்றால் தராது. அதற்கு எஸ்க்யூஎல் சர்வரின் சொந்தப் பதிவு நகல்கள் வேண்டும். எனவே தரவுத்தளம் தன் நகலைத் தானே ஒரு ஃபோல்டரில் எடுக்கட்டும், இந்தக் கருவி அந்த ஃபோல்டரை எடுக்கட்டும் என்பதுதான் என் வழக்கம்.

சிஸ்டம் ஸ்டேட்: டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் இதைத் தவிர்க்க முடியாது. டொமைனின் கணக்குகளைத் தாங்கும் ஆக்டிவ் டைரக்டரியின் மீட்பு முறையில் துவக்கி, 'டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் சிஸ்டம்ஸ்டேட்ரெகவரி' கட்டளையால் மீட்க வேண்டும். அந்த முறைக்கென்று தனிக் கடவுச்சொல் உண்டு. சர்வரை அமைத்த நாளில் யாரோ வைத்தது. அது இப்போது யாருக்காவது தெரியுமா? சோதனையின் மதிப்பே இந்தக் கேள்வியில்தான். இன்னொன்று: கல்லறைக் காலத்தை (அழித்த கணக்குகள் போன்றவற்றின் தடயத்தை ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கும் காலம்) தாண்டிய நகல் டொமைன் கன்ட்ரோலருக்குப் பயன்படாது. இன்றைய அமைப்புகளில் அது பொதுவாக 180 நாள். மிகப் பழைய டொமைன்களில் 60 நாளாக இருக்கலாம்.

முழு இயந்திரம்: வெற்று டிஸ்க் கொண்ட இயந்திரத்தை விண்டோஸ் சர்வரின் நிறுவல் ஊடகத்திலிருந்து துவக்கி, பழுதுபார்க்கும் பகுதிக்குள் சிஸ்டம் இமேஜ் ரெகவரிக்குப் போங்கள். நகலை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால், விண்டோஸ் இமேஜ் பேக்கப் என்ற ஃபோல்டர் அந்த டிஸ்க்கின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும்; துணை ஃபோல்டருக்குள் வைத்தால் கண்ணில் படாது. புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பழைய 1 டிபி டிஸ்க்கில் 100 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தாலும், 500 ஜிபி டிஸ்க்கை ஏற்காது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க்கே தெரியாது; ஆகவே அந்த டிரைவரை ஒரு யூஎஸ்பியில் போட்டு பேக்கப் டிஸ்க்கோடு சேர்த்து வையுங்கள். டிஸ்க்குகளை மறுபடி ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும்போது, தொடக் கூடாத டிஸ்க்குகளை விலக்குங்கள். நான் கேபிளையே கழற்றிவிடுவேன். அதிகப்படியான எச்சரிக்கை என்று நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

படி 7: தாக்குபவரின் கண்ணால் பாருங்கள்

2017-இல் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், பாதித்த கணினியில் ஷேடோ காப்பிகளை அழித்ததோடு, இந்தக் கருவி தன் நகல்களைக் குறித்துவைக்கும் பட்டியலை (கேட்டலாக்) அழிக்கும் கட்டளையையும் ஓட்டியது. எனவே இது கற்பனைப் பயிற்சி அல்ல. சோதனைச் சர்வரில் நிர்வாகியாக உள்ளே போய், 'டபிள்யூபிஅட்மின் டெலீட் கேட்டலாக்' கட்டளையை ஓட்டுங்கள். கருவி தன் நகல்களையெல்லாம் மறந்துவிடும். பயப்பட வேண்டாம், தரவு டிஸ்க்கில்தான் இருக்கிறது, 'ரெஸ்டோர் கேட்டலாக்' மூலம் பட்டியலைத் திரும்பப் பெறலாம். அடுத்து டிஸ்க்ஷேடோ கருவியில் எல்லா ஷேடோக்களையும் அழித்துப் பாருங்கள். பேக்கப் டிஸ்க்கில் இருந்த பழைய பதிப்புகள் போய்விடும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மறைந்திருக்கும் டிஸ்க் எக்ஸ்ப்ளோரருக்குத்தான் மறைவு. நிர்வாகி உரிமை கையில் உள்ளவனுக்கு அது திறந்த வீடு.

இதிலிருந்து கிடைக்கும் விதி: எப்போதும் குறைந்தது ஒரு டிஸ்க் சர்வரோடு இணையாமல் அலமாரியில் இருக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றி மாட்ட ஆள் இல்லாத இடத்தில் இந்தக் கருவியை மட்டும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

படி 8: மௌனத்தைக் கண்காணியுங்கள்

தோல்வி அடைந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதி இதில் இல்லை. எல்லாம் ஈவன்ட் வியூவரில் பேக்கப் என்ற தனிப் பதிவில் விழும்: வெற்றிக்கு எண் 4, தோல்விக்கு எண் 5. பலர் 5 வந்தால் எச்சரிக்கை அனுப்புமாறு அமைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சர்வர் உறைந்துபோனால், அட்டவணையையே யாரோ நீக்கிவிட்டால், 5 எங்கிருந்து வரும்? 4 வராத நாளில் எச்சரிக்கை வர வேண்டும். அதுவும் வேறோர் இயந்திரத்திலிருந்து வர வேண்டும். 'கெட்-டபிள்யூபிசம்மரி' என்ற பவர்ஷெல் கட்டளை கடைசியாக வெற்றி பெற்ற நேரத்தையும் பதிப்புகளின் எண்ணிக்கையையும் தரும். நேரம் ஒரு நாளைத் தாண்டினாலோ, எண்ணிக்கை திடீரெனச் சரிந்தாலோ கூவும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். எழுதி முடித்ததும் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அது கூவுகிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

படி 9: தீர்ப்பு

இப்போது முதல் படியின் தாளை எடுங்கள். ஒன்றிரண்டு சர்வர்கள், ஒரு நாள் தரவை இழக்கலாம் என்ற ஒப்புதல், டிஸ்க்கை மாற்றி மாட்ட ஓர் ஆள்: இவை மூன்றும் இருந்தால் தயங்காமல் இதையே வைத்துக்கொள்ளுங்கள். பேர் மெட்டல் மீட்பில் இது உண்மையிலேயே உறுதியான கருவி. டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட்டுக்கு, பெரிய மென்பொருள் வாங்கிய இடங்களிலும் நான் இதைக் கூடுதலாக ஓடவிடுகிறேன்.

பத்துச் சர்வர்கள் இருந்தால் வேறு பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மையக் கட்டுப்பாடு இதில் இல்லை, ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். டேப் வேண்டும், நகல் மறையாக்கத்தோடு இருக்க வேண்டும், மாத நகல்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பவற்றுள் ஒன்று கட்டாயமானாலும் அதே பதில்தான்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், தாளின் கீழே அடுத்த சோதனைக்கான தேதியை எழுதுங்கள். அதற்கு முன்பே சர்வரில் புதிய டிஸ்க் ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், அன்றே அட்டவணையைத் திறந்து பாருங்கள். வால்யூம்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து அமைத்த அட்டவணையில் புதியது தானாகச் சேராது. அதையும் கருவி உங்களிடம் சொல்லாது.